‘வேலை செய்தால் கிடையாது’ என்று இனிச் சொல்லாதீர்கள்

பிரித்தானியாவில் இயங்கும் ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில் அறங்காவலர் சபைகள், தமிழ்ப் பள்ளி நிர்வாகங்கள் அனைத்துக்கும் வணக்கம்.

உதவி கேட்டு வருகிறவர்களுக்கு உங்கள் மேசையில் சொல்லப்படும் ஒரு பதில் காலாவதியாகிவிட்டது. மோட்கேஜ் (வீட்டுக்கடன்) கட்ட முடியவில்லை என்று வருபவரிடம், “வேலை செய்கிறீர்களா? அப்படியென்றால் அரசாங்கம் ஒன்றும் தராது” என்று சொல்லி அனுப்பிவிடுகிறீர்கள். 2023 ஏப்ரல் 2 வரைக்கும் அது சரியான பதில். குறைந்த வருமானக்காரருக்கு அரசாங்கம் மாதந்தோறும் தரும் உதவியான யூனிவர்சல் கிரெடிட்டில் இருப்பவர் ஒரு மாதத்தில் ஒரு பவுண் சம்பளம் எடுத்தாலும் மோட்கேஜ் வட்டிக்கான உதவி இல்லை என்ற விதி அப்போது இருந்தது. 2023 ஏப்ரல் 3 முதல் அந்த விதி இல்லை. அன்றைக்கே காத்திருக்கும் காலமும் ஒன்பது மாதத்திலிருந்து மூன்று மாதமாகக் குறைந்தது. இது தெரியாததால் கிரெடிட் கார்டில் கடன் எடுத்து மோட்கேஜ் கட்டுபவர்களும், சீட்டைக் கழிவுக்குக் கூறி எடுப்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான பிழை ஒன்றும் உண்டு. “வட்டியை அரசாங்கம் கட்டும், திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை” என்று சொல்வது. 2018 ஏப்ரல் 5 வரை அப்படித்தான் இருந்தது. மறுநாளிலிருந்து அது கடன். வீட்டின் மேல் பாரமாகப் பதியப்படும், வட்டியும் ஏறும். இதைச் சொல்லாமல் ஒருவரை விண்ணப்பிக்க வைப்பதும் தவறுதான்.

இந்த உதவியின் பெயர் சப்போர்ட் ஃபார் மோட்கேஜ் இன்ட்ரஸ்ட், சுருக்கமாக எஸ்.எம்.ஐ. கொடுப்பது வேலை மற்றும் ஓய்வூதியத் துறை. இதைத் தனியாகக் கேட்டு வாங்க முடியாது. யூனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட் போன்ற வருமானம் பார்த்துக் கொடுக்கும் உதவி ஒன்று கையில் இருக்கவேண்டும். வேலை செய்யும் வயதினருக்கு அது இப்போது பெரும்பாலும் யூனிவர்சல் கிரெடிட். பென்ஷன் கிரெடிட் எடுக்கும் முதியவர்களுக்குக் காத்திருப்பு இல்லை, முதல் நாளிலிருந்தே கிடைக்கும். ஆனால் அவர்களுக்குப் பொதுவாக 1,00,000 பவுண் கடன் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். கீழே நாங்கள் எழுதுவது வேலை செய்யும் வயதினரைப் பற்றி. தொகைகள் எல்லாம் 2025–26 நிதியாண்டுக்கு உரியவை.

எவ்வளவு கிடைக்கும்? வங்கி உங்களிடம் என்ன வட்டி வாங்குகிறது என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. எல்லாருக்கும் ஒரே வீதம், 2025இல் அது 3.66 விழுக்காடு. இங்கிலாந்து வங்கி வெளியிடும் சராசரி மோட்கேஜ் வட்டி இதிலிருந்து அரை விழுக்காடோ அதற்கு மேலோ விலகினால்தான் மாற்றுவார்கள். கணக்கில் எடுக்கும் கடன் அதிகபட்சம் 2,00,000 பவுண். அதாவது, முழு அளவும் கிடைத்தால் மாதம் 610 பவுண். லண்டன் ஹரோவிலோ குரொய்டனிலோ 3,50,000 பவுண் மோட்கேஜை 5 விழுக்காட்டில் வைத்திருப்பவருக்கு வட்டி மட்டுமே மாதம் 1,458 பவுண் வரும். எஸ்.எம்.ஐ. போக மீதி 848 பவுணை அவரே தேடவேண்டும். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். முழு மோட்கேஜும் கட்டப்படும் என்று நம்பி மூன்று மாதம் காத்திருந்தவர் நான்காம் மாதம் உடைந்துபோவார்.

முதலுக்கு ஒரு சதமும் கிடையாது. ஏற்கெனவே விழுந்த நிலுவைக்கும், வீட்டுக் காப்புறுதிக்கும் கிடையாது. கிரெடிட் கார்ட் கடன், கைமாற்று, சீட்டுப் பாக்கி எதுவும் சேராது.

இனி வேலைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு. பலரும் குழம்புவது இங்கேதான், சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

வாடகை வீட்டில் இருப்பவருக்கு வாடகை யூனிவர்சல் கிரெடிட்டின் உள்ளேயே ஒரு பங்காகச் சேரும். சம்பளம் கூடக் கூட மொத்தத் தொகை மெல்ல மெல்லக் கரையும். எஸ்.எம்.ஐ. அப்படி இல்லை. அது யூனிவர்சல் கிரெடிட்டுக்கு வெளியே நிற்கும் கடன். ஒரு பவுணாவது யூனிவர்சல் கிரெடிட் கிடைத்தால் எஸ்.எம்.ஐ. முழுதாக வரும். யூனிவர்சல் கிரெடிட் பூச்சியம் ஆனால் எஸ்.எம்.ஐ.யும் அடியோடு போகும். நடுவில் படிக்கட்டு இல்லை.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இருவரும் 25 வயதுக்கு மேல். இரண்டு பிள்ளைகள், மூத்தது 2017 ஏப்ரல் 6க்கு முன் பிறந்தது. தம்பதிக்கு 628.10, மூத்த பிள்ளைக்கு 339, இளையதற்கு 292.81, மொத்தம் 1,259.91 பவுண். பிள்ளைகள் இருப்பதாலும் வாடகைப் பங்கு இல்லாததாலும் மாதம் 684 பவுண் வரை சம்பளத்தைத் தொடமாட்டார்கள். அதற்கு மேல் கையில் வரும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் கழிப்பார்கள். இந்தக் கணக்கின்படி இருவரின் சம்பளமும் சேர்ந்து, வரியும் நேஷனல் இன்ஷூரன்ஸும் கழித்து, மாதம் 2,974 பவுணைத் தாண்டும்வரை யூனிவர்சல் கிரெடிட் உயிரோடு இருக்கும். குழந்தை பராமரிப்பு நிலையத்துக்குக் கட்டுகிறவர்களுக்கு அந்தச் செலவில் 85 விழுக்காடு வரை சேர்வதால் எல்லை இன்னும் மேலே போகும். “நாங்கள் இரண்டு பேரும் வேலை, எங்களுக்கு எங்கே பெனிஃபிட்” என்று கேட்கும் எத்தனையோ வீடுகள் இந்த எல்லைக்குள் இருக்கின்றன.

இதே குடும்பம் மாதம் 2,900 பவுண் எடுத்தால் யூனிவர்சல் கிரெடிட்டாகக் கிடைப்பது 41 பவுண். நாற்பத்தொரு பவுணுக்கு இவ்வளவு படிவமா என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த 41 பவுண்தான் திறப்பு. மோட்கேஜ் 1,80,000 பவுண் என்றால் அது திறந்துவிடும் எஸ்.எம்.ஐ. மாதம் 549 பவுண். மாறாக, ஓவர்டைம் செய்து 2,980 எடுத்துவிட்டால் 41உம் இல்லை, 549உம் இல்லை. கூடுதலாக உழைத்தது 80 பவுண், போனது 590.

எல்லைக்கு அருகில் நிற்பவர்களுக்குச் சட்டப்படி ஒரு வழி உண்டு. சம்பளத்தைக் கணக்கெடுக்கும்போது தொழிலாளர் தன் ஓய்வூதிய நிதிக்குக் கட்டும் பணத்தை முழுதாகக் கழித்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். மாதம் ஐம்பது, நூறு பவுண் கூடுதலாக அதில் போடச் சொல்லி வேலையிடத்தில் எழுதிக் கொடுத்தால் கணக்கில் வரும் சம்பளம் குறையும். பணமும் வீணாகவில்லை, பிற்காலத்துக்குச் சேர்கிறது.

பிள்ளை இல்லாத, உடல்நலக் குறைவு எதுவும் இல்லாத தனி ஆளுக்கு இந்தச் சீர்திருத்தம் பெயரளவில்தான். அவருக்குத் தொடாமல் விடும் சம்பளம் என்று எதுவும் இல்லை, முதல் பவுணிலிருந்தே 55 பென்ஸ் போகும். 25 வயதுக்கு மேற்பட்டவருக்கு மாதத் தொகை 400.14 பவுண். சம்பளம் 728 பவுணைத் தொட்டதும் முடிந்தது. மணிக்கு 12.21 பவுண் குறைந்தபட்சக் கூலியில் வாரம் 14 மணி நேரம் வேலை செய்தாலே அந்த எல்லை தாண்டிவிடும். இதே ஆள் 700 பவுண் வாடகைக்கு இருந்து அந்த வாடகை முழுதும் ஏற்கப்பட்டிருந்தால், எல்லை 2,000 பவுண். விவாகரத்துக்குப் பின் வீட்டைத் தனியாகத் தாங்கி நிற்பவர்கள், பிள்ளைகள் வளர்ந்து வெளியேறியவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

சுயதொழில் செய்பவர்களுக்கு இன்னொரு பொறி. கடையோ டாக்ஸியோ, தொடங்கி ஓர் ஆண்டு சலுகைக் காலம் முடிந்தபின், உண்மையில் இலாபம் வராவிட்டாலும் ஒரு குறைந்தபட்ச வருமானம் வந்ததாகவே கணக்குப் போடுவார்கள். பொதுவாக அது வாரம் 35 மணி நேரக் குறைந்தபட்சக் கூலி. தனி ஆளுக்கு அந்தக் கற்பனைச் சம்பளமே 728 பவுணை எங்கேயோ தாண்டிவிடுகிறது. சிறு பிள்ளையைப் பராமரிப்பவர், நோயாளியைக் கவனிப்பவர், வேலை செய்ய முடியாது என்று மதிப்பிடப்பட்டவர் போன்றவர்களுக்கு இந்தக் கற்பனைக் கணக்கு பொருந்தாது, அல்லது குறைந்த மணி நேரத்துக்கே போடப்படும். ஆகவே உங்களிடம் வரும் கடைக்காரரிடம் விற்றுவரவைக் கேட்பதற்கு முன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது சம்பளத் தேதி. யூனிவர்சல் கிரெடிட் மாதக் கணக்கில் ஓடுகிறது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குபவருக்கு ஆண்டில் பதின்மூன்று சம்பளம். ஆகவே ஏதாவது ஒரு கணக்கு மாதத்தில் இரண்டு சம்பளம் விழும். நான்கு வாரத்துக்கு 2,200 பவுண் எடுக்கும் மேற்சொன்ன குடும்பத்துக்கு அந்த மாதம் 4,400 என்று பதிவாகும், யூனிவர்சல் கிரெடிட் பூச்சியம். எஸ்.எம்.ஐ.க்கு வேண்டியது தொடர்ச்சியான மூன்று கணக்கு மாதங்கள். இரண்டாவது மாதத்தில் இது நடந்தால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணவேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு விடுமுறை காரணமாக இரண்டு சம்பளம் ஒரே காலத்தில் விழுந்தால், ஒன்றை அடுத்த மாதத்துக்குத் தள்ளும் அதிகாரம் 2020 நவம்பர் முதல் துறைக்கு இருக்கிறது. ஆன்லைன் ஜேர்னலில், அதாவது யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் துறைக்குச் செய்தி எழுதும் பக்கத்தில், எழுதிக் கேட்கலாம். நான்கு வாரக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்கள் செய்யக்கூடியது ஒன்றே: இரட்டைச் சம்பளம் எந்த மாதத்தில் விழும் என்று நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்து, மூன்று மாதக் காத்திருப்பு அதில் மாட்டாதபடி முடிந்தவரை பார்த்து விண்ணப்பிப்பது. பூச்சியமான மாதத்துக்குப் பிறகு திரும்பவும் உரிமை கோரவேண்டும் என்பதையும் மறக்கவிடாதீர்கள். தானாகத் தொடரும் என்று சும்மா இருந்துவிடுகிறார்கள்.

சொத்து விடயத்தில் நம்மவர்களுக்கே உரிய சிக்கல்கள் உண்டு. குடியிருக்கும் வீடு கணக்கில் வராது. மற்றச் சேமிப்பும் சொத்தும் 16,000 பவுணைத் தாண்டினால் யூனிவர்சல் கிரெடிட் இல்லை, ஆகவே எஸ்.எம்.ஐ.யும் இல்லை. 6,000க்கு மேல் ஒவ்வொரு 250க்கும் மாதம் 4.35 பவுண் வருமானமாகக் கருதப்படும். சீட்டு எடுத்த பணம் வங்கியில் கிடந்தால் அது சேமிப்பு. ஊரில் உள்ள காணியும் சொத்துத்தான். அங்குள்ள விலையில் மதிப்பிட்டு, விற்கும் செலவுக்குப் பத்து விழுக்காடு கழிப்பார்கள். சகோதரர்களோடு கூட்டு உறுதி என்றால் இவருடைய பங்கு மட்டும். ஓய்வூதிய வயதைத் தாண்டிய தாயோ தகப்பனோ அந்த வீட்டில் குடியிருந்தால் அதை விட்டுவிடுவார்கள். ஆனால் அதை நாமே எழுதிக் காட்டவேண்டும். மறைத்துப் பின்னர் தெரியவந்தால் அது மோசடி விசாரணையாகிவிடும்.

சங்கப் பொருளாளர்களுக்கு ஒரு வார்த்தை. திருவிழாப் பணத்தைச் சொந்தக் கணக்கில் வைத்திருக்கும் பழக்கத்தை விடுங்கள். உங்களுக்கே நாளை வேலை போனால், அந்தப் பணம் உங்களுடையதல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்.

வீசாவில் பொது நிதி உதவி பெறத் தடை போடப்பட்டிருப்பவரை விண்ணப்பிக்கச் சொல்லவே சொல்லாதீர்கள். யூனிவர்சல் கிரெடிட் பொது நிதி. அவருடைய குடிவரவு விண்ணப்பமே அடிபடும். முதலில் தகுதி பெற்ற குடிவரவு ஆலோசகரிடம் அனுப்புங்கள்.

விண்ணப்பிக்கும் முறை இப்படி. யூனிவர்சல் கிரெடிட் படிவத்தில் வீட்டைப் பற்றிய பகுதியில் சொந்த வீடு, மோட்கேஜ் உண்டு என்று பதியவேண்டும். மோட்கேஜுக்கு ஒன்றும் தரமாட்டார்கள் என்ற நினைப்பில் வீட்டுச் செலவு எதுவுமில்லை என்று போட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அப்படிப் போட்டிருந்தால் உடனே ஜேர்னலில் திருத்தம் எழுதவேண்டும். பிறகு எஸ்.எம்.ஐ. வேண்டும் என்று அதே ஜேர்னலில் தேதியோடு எழுதி வைக்கவேண்டும். கையில் இருக்கவேண்டியவை: வங்கியின் அண்மைய மோட்கேஜ் அறிக்கை, கணக்கு எண், இன்றைய மீதிக் கடன், இரண்டாவது கடன் ஏதும் வீட்டின் மேல் இருந்தால் அதன் விவரம். துறை அனுப்பும் கடனுறுதிப் பத்திரத்தில் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பாதவரை பணம் நகராது. வீட்டின் உறுதியில் அண்ணன் பெயரோ அப்பா பெயரோ இருந்தால் அவர்களிடமும் கையொப்பம் கேட்பார்கள். அண்ணன் கனடாவில் இருக்கிறார் என்றால் அதற்கே வாரங்கள் போகும். காத்திருக்கும் மூன்று மாதத்தில் செய்யவேண்டிய வேலை அதுதான்.

ஆங்கிலம் சிரமமானவர்களுக்குத் துறையே தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யும், கேட்கவேண்டும். பத்து வயதுப் பிள்ளையை வைத்துக் கடன் பத்திரம் படிக்க வைக்காதீர்கள்.

மூன்று மாதம் எதைக் கொண்டு சமாளிப்பது? வேலை போன அன்றே வங்கிக்குச் சொல்லவேண்டும். 2023 ஜூனில் அரசும் பெரிய கடன் நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட மோட்கேஜ் சாசனத்தின்படி, தவணை தவறாதிருப்பவர் ஆறு மாதத்துக்கு வட்டி மட்டும் கட்டும் முறைக்கு மாறலாம். அதற்கு வருமானச் சோதனை இல்லை. முதல் தவணை தவறிப் பன்னிரண்டு மாதத்துக்குள், சம்மதமில்லாமல் வீட்டைப் பறிக்கவும் மாட்டார்கள். ‘தவணை தவறாதிருப்பவர்’ என்பதைக் கவனியுங்கள். இரண்டு தவணை விட்டபின் போய் நின்றால் அந்தக் கதவு பாதி மூடியிருக்கும். ஆறு மாத வட்டி மட்டும் முறையும் மூன்று மாதக் காத்திருப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், எஸ்.எம்.ஐ. தொடங்கும்போது கட்டவேண்டியதும் வட்டி மட்டுமாகவே இருக்கும்.

எஸ்.எம்.ஐ. பணம் நேராக வங்கிக்குப் போகும், கைக்கு வராது. ஆனால் வங்கி வழக்கம்போல் முழுத் தவணையையும் டைரக்ட் டெபிட்டில் இழுத்துக்கொண்டிருக்கலாம். முதல் கொடுப்பனவு வந்ததும் வங்கியை அழைத்துத் தவணைத் தொகையை எப்படிக் குறைப்பார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். பழைய 1.5 விழுக்காட்டு ஒப்பந்தம் இன்னும் முடியாதவருக்கும் 3.66 விழுக்காட்டில்தான் கணக்குப் போடுவார்கள். வட்டிக்கு மேல் மிஞ்சுவது நிலுவைக்கும் முதலுக்கும் போகும். நல்லதுதானே என்று தோன்றும். அதுவும் வட்டி ஏறும் கடன் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

அந்தக் கடனைப் பற்றி நம்மவர்களுக்கு இருக்கும் அச்சம் பெரிது, எல்லாம் நியாயமும் அல்ல. துறை வீட்டை எடுத்துக்கொள்ளாது. மாதத் தவணை கேட்காது. வீட்டை விற்கும்போது, வேறொருவர் பெயருக்கு மாற்றும்போது, அல்லது உரிமையாளர் இறந்தபின் திருப்பவேண்டும். கணவன் மனைவிக்குள் மாற்றினால் உடனே கேட்கமாட்டார்கள். முதல் உரிமை வங்கிக்கு, அதன்பிறகே துறைக்கு. சந்தை விலைக்கு விற்றும் வங்கிக் கடன் போகப் பணம் போதாவிட்டால் மீதியைத் தள்ளிவிடுவார்கள். மருமகனுக்குப் பாதி விலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அதைக் கேட்க முடியாது. வேறு வீடு வாங்கி மாறுபவர் கடனைப் புதிய வீட்டுக்கு மாற்றித் தரக் கேட்கலாம். விற்பதற்கு முன் கேட்கவேண்டும். கையில் காசு வந்தால் 100 பவுணிலிருந்து இடையிலேயே கட்டிக் குறைக்கலாம்.

உண்மையில் யோசிக்கவேண்டியவை இரண்டு. வட்டிக்கு வட்டி ஏறும், வீதம் ஆண்டுக்கு இரண்டு முறை வரை மாறலாம். மாதம் 549 பவுண் மூன்று ஆண்டு எடுத்தால் முதலே 19,764 பவுண், வட்டி அதற்கு மேல். மற்றது, பின்னால் வேறு வங்கிக்கு மோட்கேஜை மாற்ற நினைத்தால் புதிய வங்கி முதல் உரிமை கேட்கும், அதற்குத் துறையின் சம்மதம் வேண்டியிருக்கும், நாள் இழுக்கும். இந்த இரண்டையும் மீறி, கிரெடிட் கார்ட் வட்டியோடு ஒப்பிட்டால் எது மலிவு என்று சொல்லத் தேவையில்லை.

எம்.பி.க்களையும் கவுன்சிலர்களையும் பொங்கல் விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறீர்கள். அடுத்த முறை இந்தக் கேள்விகளையும் கையில் கொடுங்கள். வாடகைக்காரருக்குக் கரையும் உதவி, வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் ஒரே வெட்டில் அறுகிறது? நான்கு வாரச் சம்பளக்காரரின் பதின்மூன்றாவது சம்பளத்தை ஏன் தள்ளி வைக்க முடியாது? 2009 ஜனவரியில் 2,00,000 ஆக்கிய உச்சவரம்பு, வீட்டு விலைகள் இவ்வளவு ஏறியபின்னும் ஏன் அசையவில்லை? கேட்டால் உடனே மாறிவிடும் என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஒன்பது மாதம் மூன்றானதும், வேலைத் தடை போனதும் பலர் விடாமல் கேட்டதற்குப் பிறகுதான்.

இந்த மடலின் கணக்குகளை ஒரு தாளில் சுருக்கி உங்கள் அறிவிப்புப் பலகையில் போடுவதானால், மேல் மூலையில் ‘2025–26’ என்று பெரிதாக எழுதுங்கள். ஒவ்வோர் ஏப்ரலிலும் தொகைகள் மாறும், 3.66உம் எந்த நேரமும் மாறலாம். வட அயர்லாந்தில் இருப்பவர்கள் அங்குள்ள தனித் துறையைக் கேட்கவேண்டும் என்பதையும் கீழே சேர்த்துவிடுங்கள். பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டும் பொறுப்பை ஒருவரின் பெயருக்கு எழுதிக் கொடுங்கள்.

இவ்வண்ணம்,
வீட்டுக்கடன், நலன்புரி விடயங்களில் ஆலோசனை சொல்லும் தமிழர் சிலர்